முதல் அத்தியாயம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் சொன்னதையும், பத்தாம் அத்தியாயத்தில் அது செய்வதையும் சேர்த்தே பார்ப்பான். வாசகரும் அப்படித்தான் பார்க்கிறார். நீதிபதியும் அப்படிப் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே அடியோடு நிறுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் தேர்தலுக்கு நின்ற டொனால்டு டிரம்ப் சொன்னார். ஜனாதிபதியானபின், 2017 ஜனவரி 27ஆம் தேதி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டாருக்கும் 90 நாள் கதவடைப்பு. ஏழிலும் முஸ்லிம்களே பெரும்பான்மையோர்; ஆனால், உத்தரவு நாடுகளைச் சொல்லிற்றே தவிர மதத்தைச் சொல்லவில்லை. முறைப்படி விசா பெற்று விமானம் ஏறியவர்கள், இறங்கிய இடத்தில் தடுக்கப்பட்டார்கள். ஒரே வாரத்தில் சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் உத்தரவை நிறுத்திவைத்தார்.

பிறகு அது இருமுறை மாற்றி எழுதப்பட்டது. மூன்றாவது வடிவத்தில் வட கொரியாவும் வெனிசுலாவும் சேர்ந்தன. 2018 ஜூன் 26 அன்று, ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நாட்டு நலனுக்குக் கேடு என்று கருதும் அயலாரைத் தடுக்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவுக்குப் பாதுகாப்புக் காரணம் ஒன்று இருக்கிறது. அது போதும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. தேர்தல் மேடைப் பேச்சு அவர்கள் காதில் விழாமலில்லை. ஆனால் அது தீர்ப்பை மாற்றவில்லை.

வீட்டுக்காரனுக்குக் கதவைத் தாழிட உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையை யார்மேல் உள்ள வெறுப்புக்காகப் பயன்படுத்துகிறான் என்று கேட்கக் கூடாதா? கேட்காவிட்டால், மனத்தில் இருப்பதைத் தாளில் எழுதாமல் விடும் சாமர்த்தியமே அதிகாரத்துக்குப் போதுமானதாகிவிடும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களை வீடுவாசலிலிருந்து வெளியேற்றியதை 1944இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றிருந்தது. அன்றும் பாதுகாப்பே காரணம். அது பெருந்தவறு என்று 2018இல் தலைமை நீதிபதி எழுதினார். அந்தப் பழைய தவறையே இப்போது புதிதாகச் செய்கிறோம் என்று மறுப்புத் தீர்ப்பில் நீதிபதி சோட்டோமேயர் எழுதினார்.

2021இல் அடுத்த ஜனாதிபதி அந்தத் தடையை நீக்கினார். 2025 ஜூனில், மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப் 12 நாட்டாருக்குப் புதிதாகத் தடை விதித்தார். ஒரு கையெழுத்து திறந்த கதவை இன்னொரு கையெழுத்து மூடுகிறது.

சட்டப்படி செல்லும் என்பதோடு நியாயம் முடிந்துவிடுவதில்லை என்பதே என் கட்சி. நீதிமன்றம் தன் தவறை ஒப்புக்கொள்ள 74 ஆண்டுகள் ஆயின. வாசலில் நிற்கிறவனால் அத்தனை காலம் காத்திருக்க முடியுமா?