பொய் வேடமும் மெய்ப்பொருளும்

சைவ சமயத்தில் திருவேடத்திற்கு உயர்ந்த இடம் உண்டு. திருநீறும் உருத்திராக்கமும் தரித்து வரும் அடியவரைச் சிவனாகவே கண்டு வணங்குவது நமது மரபு. அந்த மரபுக்காகத் தம் உயிரையே கொடுத்தவர் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் உடல் முழுவதும் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். ஆகமம் உபதேசிக்க வந்ததாகக் கூறினான். நாயனார் அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் கீழே அமர்ந்து வணங்கிய வேளையில் குத்தினான். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடிய இந்த வரலாறு, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று மீண்டும் நினைக்க வேண்டியதாகும்.

முத்தநாதனுக்கு அன்று நீறும் சடையும் தேவைப்பட்டன. இன்று அவனுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி இலக்கமோ போதும். யாரோ ஒருவருடைய படத்தை எடுத்து, இல்லாத ஒரு பெயரைச் சூட்டி, முகநூலில் கணக்கொன்றைத் திறந்துவிடலாம். ஆண் பெண்ணாகலாம், ஓர் இனத்தவர் மற்றோர் இனத்தவராகலாம், ஒருவரே ஐம்பது பேராகவும் ஆகலாம். கோயில் பொதுக்கூட்டத்தில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினால் ஊரே சிரிக்கும். இணையத்தில் ஒருவர் நூறு கை தூக்கினாலும் பார்ப்பவருக்கு அது நூறு பேரின் கருத்தாகவே தோன்றும். 2018 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 58 கோடியே 30 இலட்சம் போலிக் கணக்குகளை முடக்கியதாக முகநூல் நிறுவனமே அறிவித்தது. அதன் பின்னரும் எஞ்சியவை பல கோடி.

இங்கே ஒரு கேள்வி எழும். வேடம் போடுவதே பாவமென்றால் இறைவன் போட்ட வேடங்களை என்னவென்று சொல்வது? முருகப்பெருமான் கிழவராக வந்து வள்ளியம்மையிடம் தேனும் தினைமாவும் கேட்டார். சிவபெருமான் முதிய அந்தணராக வந்து சுந்தரரின் திருமணத்தைத் தடுத்தார். ஆனால் அந்த அந்தணர் நடந்துகொண்ட முறையைக் கவனிக்க வேண்டும். சபை கூடியது, அவர் ஓலையைச் சபை முன் வைத்தார், கையெழுத்து ஒப்பு நோக்கப்பட்டது. உமது வீடு எங்கே என்று கேட்டபோது முன்னே நடந்து சென்று திருவெண்ணெய்நல்லூர் ஆலயத்துக்குள் புகுந்தார்; பின்னர் காட்சி தந்தார். விசாரணைக்கு உட்பட்ட வேடம் அது. முடிவில் களைந்து தன்னைக் காட்டிய வேடம். தடுத்தாட்கொள்ளப்பட்டவருக்கே நன்மை செய்த வேடம்.

அஞ்சிப் பெயர் மறைப்பவரையும் இதே நிதானத்தோடு பார்க்க வேண்டும். மேலதிகாரியின் ஊழலைச் சொல்லப் பயந்து மொட்டைப் பெட்டிசம் எழுதும் சிற்றூழியர் தம் பெயரை மறைக்கிறார். வேறொருவரின் பெயரைத் திருடுவதில்லை. கடிதத்தைப் பெறுபவருக்கும் அது பெயரில்லாத கடிதம் என்று தெரியும். தெரிந்தே அதைச் சோதித்துப் பார்க்கிறார். போலிக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அது பெயர் இருப்பதாகக் காட்டி ஏமாற்றுகிறது. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தைத் தவத்திற்குப் பின்னும் கள்ளாமைக்கு முன்னும் வைத்தார். கள்ளாமையை அடுத்து வாய்மை வருகிறது. இந்த வைப்புமுறையே ஒரு பாடம். பொய் வேடம் என்பது ஒரு வகைக் களவு. அங்கே களவு போவது பிறருடைய நம்பிக்கை.

நம்பிக்கை களவு போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்டி மாவட்டம் கண்ணால் கண்டது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களவரின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அதற்குள் பொய் மலை ஏறிவிட்டது. தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். அந்தத் துயரத்தோடு பழைய பொய்யும் புதிய பொய்களும் சேர்ந்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் கைமாறின. பெயர் சொல்லித் தூண்டியவர்களும் இருந்தார்கள். எழுதியவர் யாரென்றே தெரியாத செய்திகளும் இருந்தன. திகன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று தீ பரவியது. திகனயில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் சமூக ஊடகங்கள் தடை செய்யப்பட்டன. 2020 மே மாதத்தில், தன் தளம் தவறாகப் பயன்பட்டதால் விளைந்த பாதிப்புகளுக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அந்த மன்னிப்பு இரண்டு ஆண்டு பிந்தி வந்தது.

இது முஸ்லிம் மக்களின் துன்பம்தானே என்று ஒதுங்கிவிட முடியாது. 1983 ஜூலை 29 ஆம் திகதி கொழும்புக்குப் புலிகள் வந்துவிட்டார்கள் என்று பரவிய வதந்தியால் எத்தனை தமிழர்கள் தெருவில் மாண்டார்கள் என்பதை மூத்தவர்கள் மறக்கவில்லை. அன்று இணையம் இல்லை. வாய்களே போதுமாக இருந்தன. இன்று வதந்திக்குப் பொய்ப் பெயரும் பொய்ப் படமும் கிடைத்திருக்கின்றன. மியன்மாரில் அழகுக் குறிப்பும் பொழுதுபோக்கும் தருவதாகத் தோன்றிய சில பக்கங்களை இராணுவத்துடன் தொடர்புடையவர்களே மறைந்திருந்து நடத்தியதைக் கண்டறிந்து, 2018 ஒக்டோபரில் முகநூல் அவற்றை நீக்கியது. அவற்றைப் பின்தொடர்ந்தோர் சுமார் 13 இலட்சத்து 50 ஆயிரம் பேர்.

மெய்ப்பொருள் நாயனார் பொய் வேடத்தை நம்பினாரே, அப்படியானால் எதையும் நம்புவதுதான் பக்தியா என்று சிலர் கேட்கலாம். அவர் வாழ்வின் இறுதிக் கணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வாளை ஓங்கிய தத்தனைத் தடுத்து, அந்த வஞ்சகனை ஊர் எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடும்படி பணித்தார். அவன் தப்பியதை அறிந்த பின்னரே உயிர் துறந்தார். தம் நம்பிக்கைக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். வேறு ஓர் உயிரும் அதனால் போகாமல் காத்தார். முகம் தெரியாத ஒருவரின் செய்தியை நம்பி நூறு பேருக்கு அனுப்புபவர் அந்த நம்பிக்கைக்குத் தம் சொத்திலிருந்து ஒரு சதமும் கொடுப்பதில்லை. அயலவனின் கடையையும் வீட்டையும் உயிரையும் விலையாகக் கொடுக்கிறார். இரண்டும் நம்பிக்கைதான், ஒன்று பக்தி, மற்றது பழி.

பொய்க் கணக்கைத் தொடங்கியவன் முத்தநாதன் என்றால், விசாரியாமல் பகிர்ந்தவர் அவன் சுவடிக் கட்டைச் சுமந்து வாசல் கடத்தியவர் ஆகிறார். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆள்மாறாட்ட ஏமாற்றைக் குற்றமாக்கியது. அச்சட்டம் பேச்சுரிமையையும் நசுக்கக்கூடும் என்ற அச்சமும் வலுவாக எழுந்தது. சட்டம் எப்படி அமைந்தாலும், கைப்பேசிக்கும் மனச்சாட்சிக்கும் நடுவே ஒரு பொலிஸ்காரரை நிறுத்த முடியாது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்டதையே ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்: ஓலை எங்கே, வீடு எங்கே? கோயில் திருப்பணிக்கென்று தெரியாத கணக்கிலிருந்து பணம் கேட்டாலும் இதே கேள்விதான். அயலவர் மீது பழி சொன்னாலும் இதே கேள்விதான். விடை வராத செய்தி அந்தக் கையோடு நிற்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக வேறு பெயரில் கணக்குத் திறந்திருந்தால், அதில் யார் ஏமாறுகிறார்கள் என்று பெற்றோர் அன்போடு கேட்டுப் பார்க்கட்டும்.

சந்நிதியில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி நிற்பவர் அங்கே பொய்ப் பெயர் சொல்வதில்லை. எங்கும் நிறைந்த அம்பாளின் சந்நிதி ஆலயச் சுவரோடு முடிந்துவிடுவதுமில்லை. சொன்ன பெயருக்கும் எழுதிய சொல்லுக்கும் உண்மையாக வாழும் மனத்தை அன்னை முத்துமாரி அடியார்கள் அனைவருக்கும் அருள்வாளாக.