செத்த பிறகு என்ன பாவம்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. மன்னார்த் தீவிலுள்ள எங்கள் வீட்டிற்கு என் தமக்கையின் மகன் வந்தான். கையில் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய ஒரு பொதி. "என்ன இறைச்சி தம்பி?" என்று என் மனைவி கேட்டாள்.

"கடற்பன்றி மாமி. திருக்கை வலையில தானாப் பட்டுச் செத்துக் கிடந்தது. செத்த பிறகு என்ன பாவம்?"

அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. அன்றிரவு அது எங்கள் கறிச்சட்டியில் வெந்தது. நானும் உண்டேன். சுவையாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

வனவிலங்கைக் காப்பது அரசாங்கத்தின் வேலை, வில்பத்துக் காட்டுக் காவலரின் வேலை என்றே எம்மிற் பலர் எண்ணுகின்றோம். வனவிலங்கு என்றதும் யானையும் கரடியும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, எமது வாசலிலுள்ள கடலில் வாழ்பவை நினைவுக்கு வருவதில்லை. ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்லப்படும் இந்தப் பிராணி மீனன்று. குட்டி போட்டுப் பால் கொடுப்பது. கடலடிப் புல்லை நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் மேய்வது. எம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடுவதாகையால், சில நிமிடங்களுக்கொரு முறை நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். வலையிற் சிக்கினால் வரமுடியாது, மூச்சடைத்துச் சாகும். "தானாச் செத்தது" என்று என் மருமகன் சொன்னதன் பொருள் இதுதான்.

எழுபது ஆண்டு வரை வாழக்கூடிய விலங்கு அது. ஆயினும் தாய் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரேயொரு குட்டியை ஈனுகின்றது. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். எந்த இடையூறுமின்றி வாழ்ந்தாலும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேல் இந்த இனம் பெருகாது என்பது ஆய்வாளர் கணக்கு. வடபசுபிக் கடலில் இதன் உறவினமொன்று இருந்தது. ஸ்ரெல்லர் என்ற இயற்கையறிஞர் 1741இல் அதைக் கண்டு எழுதிவைத்தார். 1768க்குப் பிறகு அதைக் கண்டவர் எவருமில்லை. வெறும் இருபத்தேழு ஆண்டுகள்! அங்கே அதைக் கொன்று தின்ற கப்பற்காரர்களும் பசித்த சாதாரண மனிதர்களே.

செத்ததைத் தின்பதால் அந்த உயிருக்கு மேலும் தீங்கில்லை என்பது மெய். ஆனால் நான் கொடுத்த காசு செத்ததற்குப் போகவில்லை. அடுத்த வலைக்குப் போயிற்று. வாங்க ஆளுண்டு என்று தெரிந்தபின், கடற்புல் நிறைந்த இடத்தில் வலையை வீசுபவன் அதைத் தற்செயல் என்று சொல்லலாமா? கடற்பசுவும் கடலாமையும் எமது நாட்டுச் சட்டத்தினாற் காக்கப்படுபவை. ஆனால் சட்டம் அடுப்படிவரை வருவதில்லை.

இதே நியாயம் மீனுக்கும் பொருந்தும். டைனமைற் போட்டுப் பிடித்த மீனை அரியும்போதே எங்கள் பெண்களுக்குத் தெரிந்துவிடும்: முள்ளந்தண்டு முறிந்திருக்கும், உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். அவ்வாறு பிடித்த மீனை விற்பதும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டப்படி குற்றமே. சந்தையில் அந்த வியாபாரியிடம் இரண்டாம் முறை போகாதிருப்பதற்கு அரசாங்கத்தின் உதவி வேண்டியதில்லை.

"பெரிய இழுவைப் படகுகள் கடலடியை உழுது புல்லையெல்லாம் பிடுங்குகின்றன, ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் உபதேசமா?" என்று கேட்பார்கள். கேள்வி சரியே. இழுவைமடித் தொழில் எமது நாட்டில் 2017இல் சட்டத்தினால் தடுக்கப்பட்டும், அந்தப் படகுகளால் எங்கள் வடகடல் பட்ட பாட்டை நானும் அறிவேன். என்றாலும், பிறன் செய்யும் அழிவு எனக்கு அனுமதிச் சீட்டாகாது. எங்கள் கரையிலேயே வெடி வெடிக்கும்போது அடுத்தவனைக் குறைசொல்லும் வாய்க்கு வலு எங்கிருந்து வரும்?

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. உயிரோடு சிக்கியதை விடுவிப்பதற்கு வலையை அறுக்கவேண்டும். வலை கடனில் வாங்கியது. கரையிலிருந்து "இயற்கையைக் காப்போம்" என்று எழுதுகின்ற எனக்கு ஒரு சதமும் செலவில்லை. அறுப்பவனுக்கோ அன்றைய உழைப்பும் போய், நூலும் போகின்றது. அந்த நட்டத்தை அவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அவனிடம் நல்லொழுக்கத்தை எதிர்பார்ப்பது நீதியாகுமா? தமிழ்நாட்டில் அவ்வாறு விடுவிப்போருக்குப் பரிசளித்து மதிப்பளிக்கின்றார்கள். எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சிறுநிதியொன்றை ஒதுக்கினால், மீன் உண்ணும் வீட்டார் நாமும் அதிற் பங்கெடுத்தால், அது பெரிய காரியமாக இராது.

சென்ற தை மாதம் என் மருமகன் வந்தான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. கையில் பொதி இல்லை. பெரிய ஆமையொன்று வலையிற் பட்டதாகவும், உயிரிருந்தபடியால் அறுத்து விட்டதாகவும், வலையில் ஆள் நுழையக்கூடிய ஓட்டை என்றும் சலிப்போடு சொன்னான். நூலுக்குப் பாதிக் காசு தருகின்றேன் என்றேன். "விடுங்கோ மாமா" என்று மறுத்துவிட்டான்.

மறுநாள் அவனிடம் மீன் வாங்கியபோது என் மனைவி மிச்சக் காசை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள்.