மறைத்து வளர்ப்பது முறையா?

1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' என்னும் திரைப்படத்தை அறியாதார் நம் தமிழ்நாட்டில் குறைவு. பீம்சிங் இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ரஹீம். இந்துக் குடும்பத்தில் பிறந்து, முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டவன் அவன். ஏழைகளின் குடிசைகளுக்காகப் பரிந்து நின்ற அவன் முகத்தில் ஆளவந்தார் என்னும் செல்வர் திராவகத்தை வீசுகிறார். அவன் தாம் பெற்ற மகனே என்பதை அவர் அறியார்.

சினிமாவைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே நாம் எழுத வரவில்லை. புளியந்தோப்பில் ஒரு தம்பதியர் நம்மிடம் கேட்ட கேள்வியே இதை எழுதத் தூண்டியது. பிள்ளைப்பேறு இல்லாத அவர்கள், பிறந்து சில நாட்களே ஆன ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். இன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. தொலைக்காட்சியில் அப்படத்தைப் பார்த்த சிறுவன், "ரஹீமுக்கு ஏம்மா யாரும் முன்னாடியே சொல்லலே?" என்று கேட்டானாம். "பதில் வரலே ஹஜ்ரத். சொன்னா எங்களை விட்டுப் போயிடுவானோ?" என்று அந்தத் தாய் அழுதார்.

அருமைச் சகோதர சகோதரிகளே! இக்கேள்விக்கு விடை நம் நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்றே அழைத்து வந்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்குமாறு அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இறங்கியதும், அவர்கள் மீண்டும் 'ஹாரிஸாவின் மகன் ஸைத்' ஆனார்கள். அதனால் பாசம் குறைந்ததா? இல்லை! மூத்தா போருக்கு முதல் தளபதியாக நபியவர்கள் நியமித்தது அதே ஸைதைத்தான். தந்தை இன்னாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அவ்வசனம் ஆறுதல் கூறுகிறது. ஆகவே, பெயர் மாறினால் அன்பு மாறிவிடும் என்று அஞ்சுவது வீண்.

மறைப்பதால் வரும் தீங்குகளோ பல. தன் இரத்த உறவை அறியாதவன், மணமுடிக்கக் கூடாத உறவிலேயே மணமுடித்துவிடக் கூடும். பால்குடிப் பருவத்தில் வளர்ப்புத் தாயிடம் முறைப்படி பால் குடித்திராத பிள்ளை, பருவமடைந்தபின் அவருக்கு மஹ்ரம் ஆவதில்லை. வளர்ப்பு மகன் வாரிசும் அல்லன். ஆயின், வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும் செய்யலாம். உண்மையை மறைத்த வீட்டில் இந்த ஏற்பாடுகளைச் செய்யத் தயங்குவர். முடிவில் நஷ்டப்படுபவன் அப்பிள்ளையே. எனவே அத்தாவும் அம்மாவும் இருபுறமும் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தாங்களே சொல்லிவிட வேண்டும். ஊரார் வாயால் அவன் கேட்கும்படி விடுதல் ஆகாது.

இன்னும் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். திராவகம் பட்டவன் ஆளவந்தாரின் மகனாக இல்லாதிருந்தால் அந்தப் பாவம் பாவமாகாதா? சொந்த இரத்தம் என்று தெரிந்த பிறகுதான் இரக்கம் பிறக்குமெனில் அது இரக்கமாகுமா? ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். காரணம் கேட்டவர்களிடம், அதுவும் ஓர் ஆத்மாவன்றோ என்ற கருத்தில் விடையளித்தார்கள். நம் புளியந்தோப்பிலேயே, 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடர் ஒருபுறமும் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறுபுறமுமாக மோதி, குடிசைகள் எரிந்தன. அன்று எரிந்தவை யாருடைய பிள்ளைகளின் வீடுகள்? எல்லாம் ஆதமின் மக்களுடைய வீடுகளே.

பிள்ளைக்கு அவன் பிறப்பைச் சொல்லுங்கள். பிறப்பு எதுவாயினும் மனிதனுக்குரிய கண்ணியத்தைக் கொடுக்கவும் அவனுக்குக் கற்பியுங்கள். உண்மையின் மீது நம் இல்லங்களை நிலைநிறுத்த வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.