ஐந்து பேர் போதும்

ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கிறாய். ஃபோன் அடிக்கிறது. பேசுவது ஆள் இல்லை, பதிவு செய்த குரல். “தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து அழைக்கிறோம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும். விவரம் அறிய ஒன்பதை அழுத்தவும்.” கட்டைவிரல் தானாக ஒன்பதை நோக்கிப் போகிறது. நிறுத்து, தம்பி! உன் ஆறு மாத ஓவர்டைம் காசு அந்த விரல் நுனியில் இருக்கிறது.

அவன் துணிச்சலைப் பார். மோசடி அழைப்புகளை ஒடுக்க வேண்டிய ஆணையத்தின் பெயரையே சொல்லி மிரட்டுகிறான். அந்த ஆணையம், அதாவது டிராய், யாருக்கும் ஃபோன் செய்து எண்ணைத் துண்டிப்பதாகச் சொல்லாது. இதை டிராயே பலமுறை அறிவித்திருக்கிறது. “இன்றிரவு உங்கள் வீட்டில் கரண்ட் கட், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்” என்று வரும் மெசேஜும் இதே ஜாதிதான். பெயர் மாறும், மிரட்டல் மாறாது.

“நான் ஐடிஐ முடித்தவன், இங்கிலீஷ் சரியாக வராது, என்னை ஏமாற்றத்தான் செய்வார்கள்” என்று நீயே உன்னைத் தாழ்த்திப் பேசுகிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லூதியானாவின் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை எடுத்துக்கொள். பத்மபூஷண் விருது பெற்றவர், பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுப்பவர். 2024-இல் அவருக்கும் இதே அழைப்புதான் வந்தது: இரண்டு மணி நேரம், ஒன்பதை அழுத்து. அழுத்தினார். வீடியோவில் போலி உச்ச நீதிமன்றமே கூடியது. ‘டிஜிட்டல் கைது’ என்றார்கள். 7 கோடி ரூபாய் போனது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

ஆனால் அடுத்து அவர் செய்ததைக் கவனி. வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவில்லை. போலீசுக்குப் போனார், பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். 5.25 கோடியைப் போலீஸ் மீட்டது. ஏழு கோடி இழந்தவர் வெட்கப்படவில்லை. ஏழாயிரம் இழந்த நீ ஏன் ரூமில் போர்த்திப் படுத்துக்கொள்கிறாய்? 2024-இல் மட்டும் சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் படித்தவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு. காசு போனால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடு. போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். வழியில் எங்காவது முடக்க வேண்டுமானால் நீ முந்த வேண்டும். மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், சூப்பர்வைசர் சிரிப்பாரோ என்று யோசிக்கும் நேரத்தில் அவன் ஏடிஎம்மில் எடுத்துவிடுவான்.

அரசு என்ன கிழித்தது என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. 2007-லேயே வேண்டாத அழைப்புக்குத் தடைப் பட்டியல் வந்தது. ஒழுங்கான கம்பெனி அடங்கியது, திருடன் அடங்கவில்லை. எந்தத் திருடன் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருடப் போகிறான்? நிறைய ஆண்டுகள் வீணாகின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2018 விதிமுறைகள் வந்த பிறகுதான் மொத்தமாக மெசேஜ் அனுப்புகிறவன் தன் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யும் கட்டாயம் வந்தது. 2024 அக்டோபர் 1 முதல், பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக மெசேஜ் வழியிலேயே நிற்கிறது. அதே மாதம் 22-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்து இந்திய எண் வேடம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை 1.35 கோடி அழைப்புகள்! இப்போது மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பத்து இலக்க எண்ணிலிருந்து ‘உங்கள் பேங்க்’ மெசேஜ் அனுப்பினால், அது உன் பேங்க் இல்லை.

இத்தனைக்கும் மேலே இருக்கிறது உன் கையிலுள்ள ஆயுதம். 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி டிராய் விதியைத் திருத்தியது. முன்பு பதிவில்லாத ஓர் எண்ணின் மேல் நடவடிக்கை எடுக்க ஏழு நாளில் பத்துப் புகார் வேண்டியிருந்தது. இப்போது பத்து நாளில் ஐந்து. உன் லைனில் எத்தனை பேர் நிற்கிறீர்கள்? கேண்டீனில் ஒரே மேஜையில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? “பொன்னேரியில் மனை, அட்வான்ஸ் மட்டும் போடுங்க” என்று உங்கள் எல்லோருக்கும் அதே எண்ணிலிருந்துதானே கால் வருகிறது? ஐந்து பேர் ஆளுக்கொரு புகார். முதல் தடவை, அனுப்பியவனின் இணைப்புகளிலிருந்து 15 நாளுக்கு ஒரு கால் வெளியே போகாது. மீண்டும் செய்தால் ஓராண்டு எல்லா இணைப்பும் போச்சு, எந்தக் கம்பெனியிடமும் புதிது கிடைக்காது. நீ முன்பே டிஎன்டி, அதாவது அந்தத் தடைப் பட்டியலில், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. 1909-ஐக் கூப்பிடு, அல்லது டிராயின் டிஎன்டி செயலியில் போடு. கால் வந்து ஏழு நாளுக்குள் சொன்னால் போதும்.

ரோலிங் மில்லில் சிவப்பாக ஒரு எமர்ஜென்சி பொத்தான் இருக்கிறதே, ஹெல்பர் அமுக்கினாலும் மில் நிற்கும்தானே? ஃபோர்மேனிடம் லெட்டர் எழுதி அனுமதி வாங்கியா அமுக்குவாய்? உன் புகாரும் அப்படித்தான். அமுக்கு!

மோசடி வாடை அடித்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற புகார்ப் பகுதி இருக்கிறது. காசு போகும்வரை காத்திருக்காதே, முயற்சி செய்தான் என்றாலே எழுது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், அதிபர் பைடனின் குரலை ஏஐயில் செய்து, ஓட்டுப் போடப் போகாதீர்கள் என்று ஆயிரக்கணக்கானோருக்கு அழைப்பு போனது. அதைக் கேட்டவர்கள் “எனக்கென்ன” என்று வைத்துவிடவில்லை, புகார் செய்தார்கள். செய்தவனைத் தேடிப் பிடித்து 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது அந்நாட்டு ஆணையம். அங்கேயும் தொடங்கி வைத்தது ஃபோனை எடுத்த சாதாரண ஆட்கள்தான்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். “உன் பெயரில் ஒரு சிம், ஒரு பேங்க் கணக்கு கொடு, இரண்டாயிரம் தருகிறேன்” என்று எவனாவது டீக்கடையில் தோளில் கை போடுவான். தட்டிவிடு! அந்த சிம்மிலிருந்துதான் நாளை இன்னொரு தாயின் தாலிச் சங்கிலிக்கு வலை போகும். போலீஸ் வந்து நிற்பது உன் வாசலில். சஞ்சார் சாத்தியில் இன்றே பார், உன் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று. நீ வாங்காதது ஒன்று இருந்தாலும், என்னுடையது இல்லை என்று அங்கேயே சொல்லி வெட்டலாம்.

உன் ரூமில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் இருப்பான். அவனுக்கு அதே மிரட்டல் இந்தியில் வருகிறது, சொல்லி அழக்கூட இங்கே ஆள் இல்லை. அவன் ஃபோனை வாங்கு. 1930, 1909, இரண்டையும் சேவ் செய்துகொடு. ஐந்தாவது புகார் அவனுடையதாக இருக்கட்டும்.