யாருடைய வீரன்?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1781 ஜூலை 1-ந் தேதி அங்கே ஐதர் அலியின் சேனையும், ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனையும் மோதின. அதற்குச் சில நாள் முன்னால், ஐதரின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கி, முடியாமல் திரும்பியிருந்தான் கூட். அவன் அணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். மாண்ட சிப்பாய்களின் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்? அந்நியனுக்காகச் செத்தவனைத் தன்னவன் என்று சொல்லிக்கொள்ள எந்த ஊருக்கும் கொஞ்சம் கூச்சம்தான்.

இந்தக் கூச்சம் நியாயமா?

சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1780-ல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேவகம். பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அந்தப் படையின் தொழில். 1944 பிப்ரவரி 24-ந் தேதி, இத்தாலியில் மின்யானோ அருகே, கூட வந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து தம் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் உயிர் காத்தார், தாம் மாண்டார். அந்த ஆண்டே ஜார்ஜ் சிலுவை அளித்தார்கள். எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கென்று ஏற்பட்ட விருது அது.

அவர் இத்தாலிக்குப் போனதற்குச் செஞ்சோற்றுக் கடன் காரணமாக இருக்கலாம். சம்பளம் கொடுத்தவன் அனுப்பினான், போனார். ஆனால் அந்தச் சில விநாடிகளுக்கு அந்தக் கடன் போதாது. வெடியின்மேல் விழு என்று எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லை. அங்கே ராஜாவும் இல்லை, ராஜ்யமும் இல்லை. பக்கத்தில் நாலு மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் அவரை எதிர்பார்த்திருந்தவர்களைக் கேட்டா அந்த முடிவு எடுத்தார் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அவர் கொடுத்தது தம் உயிரை மட்டுமல்ல. தம் வீட்டாரின் வருங்காலத்தையும் சேர்த்து. பிழைத்தவர்களுக்கும் வீடுகள் இருந்தன என்பது ஒரு பதில். ஆனால் இழந்த வீட்டாரிடம் போய் அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. புகழ்கிறவனுக்குச் செலவு ஒன்றுமில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். பிறகுதான் மாட்டு மந்தைக்காகப் பட்டவன் பெயர் வரும். ஆனால் கல்லில் செதுக்கிய உருவம் அரசனுடையதல்ல, மாண்டவனுடையது. படையலும் அவனுக்குத்தான். அரசன் பெயர் இன்ன காலம் என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவுகிறது.

சுப்பிரமணியன் விஷயத்திலும் ஆறாம் ஜார்ஜின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆண்டுக் கணக்குக்காக. ஆள் நம்முடையவர்.