நோயாளியின் கட்டிலருகே ஒரு ஜமாஅத்

அல்ஹம்துலில்லாஹ். ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



அகழ்ப்போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்தது. பக்கத்திலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். இது புகாரியில் வரும் செய்தி. காயங்களுக்கு மருந்திட்ட ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியை இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். ஸஅத் (ரலி) அந்தக் காயத்திலேயே வஃபாத்தானார்கள். ஆனாலும் கடைசி நாட்களில் அவர்கள் தனித்து விடப்படவில்லை.

இன்று நம் மஹல்லாவில் புற்றுநோயாளி எங்கே இருக்கிறார்? அடையாறு, தஞ்சாவூர் என்று அலைந்து, "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பப்பட்டு, பின்கட்டு அறையில் படுத்திருக்கிறார். முதல் வாரம் பழத்தோடும் ஹார்லிக்ஸோடும் கூட்டம் வருகிறது. மூன்றாவது மாதம் கதவைத் தட்ட ஆளில்லை. இரவெல்லாம் விழித்திருப்பது அவர் மனைவி மட்டும்தான்.

நோய் குணமாகாமல் போகலாம். அப்போதும் வலியைக் குறைக்கலாம், புண்ணைச் சுத்தம் செய்யலாம், பயத்தைப் போக்கலாம். இதைத்தான் நோய் ஆதரவு சிகிச்சை, பேலியேட்டிவ் கேர் என்கிறார்கள்.

கேரளத்தைப் பாருங்கள்

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புரத்தில் ஊர் மக்களே அதைக் கையில் எடுத்தார்கள். வாரம் 2 மணி நேரமாவது தர முடிந்தவர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். செலவின் பெரும்பகுதி சில்லறைச் சில்லறையாகச் சேர்ந்த காசு. 2008-ல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. நம் தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மார்ஃபின் ஹராமா?

பலர் இதைக் கேட்கிறார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் மார்ஃபின் போதைக்கானதல்ல, அது மருந்து. நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தருகிறது. 'பொறுமையாக இரு' என்று சொல்லி மாத்திரையை மறைத்து வைக்காதீர்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ அனுமதித்த மார்க்கம் இது.

நாம் செய்ய வேண்டியது

தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுங்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண்களே போகட்டும். ஒருவர் மருந்து வாங்கி வரட்டும். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தரட்டும். ஒருவர் அஸருக்குப் பின் நோயாளியின் அருகில் உட்காரட்டும், அந்த ஒரு மணி நேரம் அவர் மனைவி தூங்கட்டும். தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத்தும் கொடுக்கலாம். போன இடத்தில் 'இன்னாரும் இதே நோயில்தான் மவுத்தானார்' என்ற பேச்சு வேண்டாம்.

அடுத்த வீட்டு ஹிந்து சகோதரர் நோயுற்றாலும் போங்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவனை நபி (ஸல்) அவர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்ற கருத்தில் மறுமையில் அல்லாஹ் அடியானிடம் கேட்பான் என்று முஸ்லிமில் பதிவான ஹதீஸ் குத்ஸி எச்சரிக்கிறது. அந்தக் கேள்விக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

யா அல்லாஹ்! நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், வலியில் இலேசையும், ஈமானோடு கூடிய முடிவையும் தருவாயாக. அவர்களைப் பராமரிப்பவர்களின் கைகளுக்குப் பலம் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.