மறதியும் ஜின்னும்

கீழ்க்கட்டளை ஏரிக்கு அண்மையில் நாமறிந்த ஓர் இல்லம் உண்டு. மஃரிபு பாங்கு ஒலித்ததும் அவ்வில்லத்து மூதாட்டி வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாகிவிட்டது, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சுவார். நாற்பதாண்டுகளாக அவர் வாழும் வீடே அதுதான். பெற்ற மகனைப் பார்த்து "நீங்கள் யார்?" என்பார், சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்வார். ஜின்னின் சேட்டை என்றனர் சிலர். தாயத்து வந்தது. பின்னர் ஒருநாள் பிரம்பும் வந்தது.

ஜின்கள் உண்டென்பது நம் ஈமானைச் சார்ந்தது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இந்தத் தாயின் நாவில் பேசுவது ஜின்தான் என்று தீர்ப்பளிப்பது ஈமானன்று, வெறும் ஊகம். ஊகத்தை நம்பிப் பிரம்பை ஓங்கலாமா என்பதே நம் வினா.

அவ்வூகத்திலும் ஒரு பாசம் மறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "ஏசுவது என் தாயல்ல, ஷைத்தான்" என்று எண்ணும் மகனுக்கு அது ஓர் ஆறுதல். எனினும், ஜின்னுக்கென்று ஓங்கிய அடி விழுவது தாயின் முதுகில் அல்லவா?

அந்திப் பொழுதில் குழப்பம் மிகுவதும், இல்லாதவர் கண்ணுக்குத் தோன்றுவதும் மறதி நோயாளரிடம் மருத்துவர்கள் அன்றாடம் காண்பவை. மூளையைத் தேய்க்கும் இத்தகைய நோய்களுள் ஒன்றை 1906-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விவரித்தார். அது முற்றாகக் குணமாவதில்லை. ஆனால் தைராய்டுக் குறைவாலும், பி12 சத்துக் குறைவாலும் வரும் மறதி மருந்தால் சீராகக்கூடும். தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் மாதங்களில் அந்த வாய்ப்பும் கைநழுவிப் போகிறது. (ஓதிப் பார்ப்பதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை; துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.)

அறிந்திருந்த பின் ஏதும் அறியாத நிலைக்கு முதுமையில் மனிதன் திருப்பப்படுவதைத் திருக்குர்ஆன் 16:70, 22:5 ஆகிய வசனங்கள் எடுத்துரைக்கின்றன. அங்கே ஜின்னைப் பற்றிய பேச்சே இல்லை! மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மருந்தில்லாத ஒன்றாக முதுமையைக் குறிப்பிட்டதாக ஹதீஸ் உண்டு. அறிவு தவறியவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பதும் நாம் அறிந்ததே. இறைவனே கணக்குக் கேளாத ஒருவரிடம், "மூன்று ரக்அத்தை ஐந்தாகத் தொழுதாயே" என்று சினப்பதற்கு நாம் யார்?

ஏர்வாடியை நாம் மறந்துவிடலாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அங்கொரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை; மாண்டவர் 28 பேர். அவர்களுள் பலர், தர்காவில் குணம் கிடைக்கும் என்று நம்பி உறவினர்களே கொண்டுவந்து விட்டவர்கள். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்துள்ளது. வீட்டின் கொல்லைப்புற அறைக்குப் போடும் பூட்டை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்?

அந்த மூதாட்டியின் மகன் இப்போது பிரம்பைத் தொடுவதில்லை. மஃரிபு தொழுததும் தாயின் கரம் பற்றித் தெருமுனை வரை நடக்கிறார். திரும்பி வந்து, "வீடு வந்துவிட்டது" என்கிறார். அவரும் ஸலாம் சொல்லி உள்ளே நுழைகிறார். தாயிடம் இப்படிச் சொல்வது பொய்யாகுமோ என்று அவர் நம்மிடம் வினவினார். வீடு வந்துவிட்டது என்பதில் பொய் எங்கே இருக்கிறது?